மரத்தூள் எண்ணெயில் வினையூக்கி போட்டால் டீசல் ஆகுமா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிக்கொள்கிறேன். வள்ளியூர் பக்கம் மர அறுவை மில் வைத்திருக்கிறீர்கள். நாளுக்கு அரை டன் மரத்தூள் சேருகிறது. பக்கத்து ஊரில் சீமைக்கருவேல் விறகை மூடிய இரும்பு உலையில் சுட்டுக் கரி எடுப்பவர் ஒருவர், அந்தப் புகையைக் குளிரவைத்து ஒரு பேரல் கறுப்பு எண்ணெய் பிடித்துக் கொடுத்திருக்கிறார். இந்த எண்ணெயில் ஒரு வெள்ளைத் தூளைப் போட்டு 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் கிளறினால் டீசலாகிவிடும், டிராக்டருக்கு ஊற்றலாம், அந்தத் தூள்தான் வினையூக்கி (தான் தீராமல் வேதிவினையை வேகப்படுத்தும் பொருள்) என்று ஒரு வியாபாரி சொல்கிறார். பின்லாந்தில் மரக்கழிவிலிருந்து டீசல் எடுக்கிற வீடியோவையும் காட்டியிருக்கிறார். முன்பணம் கேட்கிறார். "விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் யாராவது சொல்லுங்கள், கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்வி கலந்து கிடக்கிறது தம்பி. மர எண்ணெயை வினையூக்கியால் நல்ல எரிபொருளாக மாற்ற முடியுமா என்பது ஒன்று. முடியும். உங்கள் மில் கொட்டகையில், ஒரு தூளைப் போட்டுக் கிளறி மாற்ற முடியுமா என்பது இன்னொன்று. முடியாது. பணத்தைக் கொடுக்காதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே தூளை வேறு பெயரில் இன்னொருவர் கொண்டுவருவார்.

எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. வேதிப்பொறியியல் படித்துவிட்டுப் பதினெட்டு வருடம் வினையூக்கி ஆய்வுக்கூடங்களில்தான் வேலை பார்த்தேன். அதில் ஆறேழு வருடம் இந்த மர எண்ணெயோடுதான் போனது. நான் கையாண்டவை எல்லாம் சிறிய உலைகள், மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் ஓடுகிற அளவு. பெரிய ஆலையை நடத்தியவன் இல்லை. உங்கள் பேரலையும் நான் பார்க்கவில்லை. அதனால் கீழே நான் தரும் எண்களை நல்ல மரத்தூளுக்கான பொதுக் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் டீக்கடையில் முன்பு மரத்தூள் அடுப்பு இருக்கும், நினைவிருக்கிறதா? தகர டின்னுக்கு நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்து அடைத்து, பாட்டிலை உருவி எடுத்துவிட்டு, அடியில் பற்றவைப்பார்கள். உற்றுப் பார்த்தால் தூள் நேரடியாக எரிவதில்லை. சூட்டில் தூளிலிருந்து புகை கிளம்பி, அந்தப் புகைதான் நடுத்துவாரத்தில் தீயாகிறது. காற்று இல்லாத இடத்தில் மரத்தைச் சூடாக்கினால் அது மூன்றாகப் பிரியும்: கரி, எரியும் வாயு, குளிர்ந்தால் திரவமாகிற ஆவி. நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். வெள்ளைப் புகை வந்தால் ஈரம் போகிறது, மஞ்சளாகக் காரமாக வந்தால் மரம் பிரிகிறது, மெல்லிய நீலமாக மாறினால் கரி தயார், மூட்டத்தை அடைக்கலாம் என்று அவர்கள் புகையைப் பார்த்தே சொல்வார்கள். அந்த மஞ்சள் புகைதான் உங்கள் பேரலில் இருப்பது.

எவ்வளவு வேகமாகச் சூடாக்குகிறோம் என்பதைப் பொறுத்து மூன்றின் அளவும் மாறும். கரி உலையில் மணிக்கணக்காக, நாள்கணக்காக மெதுவாகச் சுடுவதால் கரி நிறைய வரும், திரவம் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் வரும், அதிலும் பெரும்பகுதி தண்ணீர். மாறாக, காய்ந்த மெல்லிய தூளைச் சுமார் 500 டிகிரி சூட்டில் சட்டென்று போட்டு, கிளம்பும் ஆவியை இரண்டு நொடிக்குள் வெளியே இழுத்துக் குளிரவைத்தால், காய்ந்த மரத்தின் எடையில் 60 முதல் 75 சதவீதம் வரை திரவமாகவே கிடைக்கும். நீங்கள் படித்த கட்டுரைகளில் வரும் பெரிய எண்கள் எல்லாம் இந்த வேக முறைக்கானவை. உங்களிடம் இருப்பது மெதுவான முறையில் வந்த எண்ணெய். பேரலை அசைக்காமல் ஒரு வாரம் வைத்திருந்தால் மேலே பழுப்பு நிறத் தண்ணீரும், அடியில் கெட்டித் தாருமாகப் பிரிந்து நிற்கும். மேலே நிற்பதைத்தான் சிலர் மர வினிகர் என்று விற்கிறார்கள்.

நல்ல முறையில் எடுத்த எண்ணெயும்கூட, பெயர்தான் எண்ணெய். அதில் 15 முதல் 30 சதவீதம் தண்ணீர் கரைந்திருக்கும். அடுப்பில் வைத்து வற்றவைக்கலாம் என்று நினைத்தால், வற்றவற்றப் பாகு போல இறுகி, அடியில் பாதிக்குப் பாதி கருங்கட்டியாக நின்றுவிடும். காடியில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலம் இதிலும் உண்டு. பி.எச். அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில், எலுமிச்சைச் சாற்றைப் போல. ஆய்வுக்கூடத்தில் புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் காட்ட நான் ஒன்று செய்வேன். கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் மர எண்ணெயை ஊற்றி, எடை போட்ட இரும்பு ஆணி ஒன்றை உள்ளே போட்டு, 60 டிகிரி சூட்டில் வைத்துவிடுவேன். ஒரு வாரம் கழித்து எடுத்தால் ஆணியின் தலை மெலிந்து, உடம்பு சொரசொரத்துப் போயிருக்கும். டிராக்டர் பம்பும் நாசிலும் சாதாரண எஃகுதான் என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

இன்னொரு குணம், இது சும்மா இருக்காது. ஒருமுறை சித்திரை மாதத்தில் ஒரு புட்டியை அலமாரியில் வைத்து மறந்துவிட்டேன். வைத்தபோது தேநீர் போல ஓடியது. ஒன்றரை மாதம் கழித்து எடுத்தபோது மேலே தண்ணீர், கீழே கரண்டியை நிறுத்தினால் நிற்கிற கூழ். உள்ளே இருக்கும் ஆல்டிஹைடு, ஃபீனால் என்கிற சேர்மங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகும், சூடு ஏற ஏற இன்னும் வேகமாக. நம் ஊர் வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் பேரல் என்றால் கேட்கவே வேண்டாம்.

இத்தனை தொல்லைக்கும் மூலம் ஒன்றுதான்: ஆக்சிஜன். தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மர எண்ணெயின் எடையில் 35 முதல் 40 சதவீதம் ஆக்சிஜன். டீசலில் அது கிட்டத்தட்ட இல்லை. புங்க எண்ணெய், கடலை எண்ணெய் போன்றவற்றில் 11 சதவீதம் அளவில்தான் இருக்கும். ஆக்சிஜன் இருப்பதால்தான் புளிக்கிறது, இறுகுகிறது, தண்ணீரை விடமாட்டேன் என்கிறது, டீசலோடு கலக்க மறுக்கிறது, கிலோவுக்கு 16 முதல் 19 மெகாஜூல் வெப்பம்தான் தருகிறது. டீசல் தருவது 43 அளவில். இந்த ஆக்சிஜன் அழுக்கு மாதிரி மேலே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. மூலக்கூறின் எலும்பிலேயே கட்டப்பட்டிருக்கிறது. அதனால் வடிகட்டியோ தூளைப் போட்டு இறக்கியோ இதை எடுக்க முடியாது. பிணைப்பை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், வியாபாரியின் பேச்சே அதில்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன். சமையல் எண்ணெயை மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் போட்டு 60 டிகிரி சூட்டில் கிளறினால் பயோடீசல் வரும், அது உண்மை. கல்லூரிப் பிள்ளைகள்கூடச் செய்கிறார்கள். அந்த வினை வித்து எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் மட்டும்தான் நடக்கும், ஏனென்றால் அவற்றின் மூலக்கூறு ஏற்கெனவே நீளமான டீசல் சங்கிலியாகவே இருக்கிறது. மர எண்ணெயில் அந்தச் சங்கிலியே கிடையாது. பஜ்ஜி சுட்ட எண்ணெய்க்குச் சொன்ன வைத்தியத்தை மரத்தாருக்குச் செய்தால் சோடா வீணாகும், அவ்வளவுதான். 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து டெல்லிக்கு உயிர் எரிபொருள் கலந்து ஒரு விமானம் பறந்ததே, அதுவும் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து வந்ததுதான். மரத்திலிருந்து வந்ததல்ல.

பின்லாந்து வீடியோவும் இதே கதையாக இருக்கலாம். அங்கே லாப்பேன்ராந்தா என்ற ஊரில் 2015 முதல் மரக்கழிவு டீசல் ஆலை ஒன்று ஓடுகிறது. ஆனால் அதற்குள் போவது மரத்தூள் எண்ணெய் இல்லை. ஊசியிலை மரத்தைக் காகிதக் கூழாக்கும்போது மேலே மிதக்கிற, பிசினும் கொழுப்பமிலமும் கலந்த டால் எண்ணெய். அதில் ஆக்சிஜன் குறைவு, சங்கிலி நீளம். அதற்கே உயர் அழுத்த ஹைட்ரஜனும் வினையூக்கியும் வைத்துத்தான் டீசல் எடுக்கிறார்கள். நம் சீமைக்கருவேலத்திலும் தேக்கிலும் மாமரத்திலும் அப்படி ஒரு எண்ணெய் மிதந்து வராது. அதே நாட்டில் யோயென்சூ என்ற ஊரில் 2013 முதல் மர எண்ணெயே எடுக்கும் ஆலையும் உண்டு, ஆண்டுக்கு 50,000 டன் எடுக்கும் திறனில் கட்டியது. அந்த எண்ணெயை அவர்கள் டீசல் ஆக்கவில்லை. கொதிகலனில் கனரக எண்ணெய்க்குப் பதிலாக எரித்தார்கள். பணமும் படிப்பும் உள்ளவர்கள் அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன்.

சரி, வினையூக்கி உண்மையில் என்ன செய்யும்? இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. முதல் வழி ஹைட்ரஜன் வழி. எண்ணெயை ஹைட்ரஜனோடு சேர்த்து, 70 முதல் 200 மடங்கு காற்றழுத்தத்தில், 300 முதல் 400 டிகிரி சூட்டில், உலோகம் பூசிய சிறு உருண்டைகள் நிறைந்த குழாய் வழியாகச் செலுத்துவது. ஹைட்ரஜன் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு தண்ணீராக வெளியேறும், மிச்சம் ஹைட்ரோகார்பன், அதாவது டீசலைப் போலக் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள சேர்மம். இதற்குக் கோபால்ட்-மாலிப்டினம், நிக்கல்-மாலிப்டினம் ஆகியவை பழைய வேலையாட்கள். கச்சா எண்ணெயில் கந்தகம் நீக்க எல்லாச் சுத்திகரிப்பு ஆலையிலும் இவைதான் உள்ளே இருக்கின்றன. ஆனால் இவை வேலை செய்யக் கொஞ்சம் கந்தகம் கூடவே இருக்க வேண்டும். மர எண்ணெயில் கந்தகம் மிகக் குறைவாக இருப்பதால் வெளியிலிருந்து சேர்க்க வேண்டியிருக்கிறது. அந்த உலோகங்கள் உட்கார்ந்திருக்கும் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) தளத்தைச் சூடான தண்ணீர் அரிக்கும் தொல்லையும் உண்டு. ருத்தேனியம், பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்களைக் கரிமேல் பூசினால் கந்தகம் தேவையில்லை. ஆனால் எண்ணெயில் தப்பித்தவறி வரும் துளிக் கந்தகமே அவற்றுக்கு விஷம்.

எண்ணெயை எடுத்தவுடன் நேரே 350 டிகிரிக்குக் கொண்டுபோனால் வினையூக்கியைத் தொடுவதற்கு முன்பே இறுகிவிடும். அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் உலை 60 மணி நேரம் அருமையாக ஓடியது, தெளிந்த மஞ்சள் திரவம் சொட்டியது, எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். மூன்றாம் நாள் விடியற்காலை அழுத்தம் மேலே ஏறத் தொடங்கியது. காலையில் நிறுத்திக் குளிரவைத்துக் குழாயைக் கழற்றினால், நுழைவாயிலில் ஒரு சாண் நீளத்துக்கு உருண்டைகள் எல்லாம் ஒட்டி, கருங்கல் மாதிரி. டிரில் வைத்துக் குடைந்துதான் எடுத்தோம். அதற்குப் பிறகு முதலில் 150 முதல் 280 டிகிரிக்குள் மிதமான சூட்டில் ஒரு வினையூக்கி வழியாக விட்டு, துடிப்பான ஆல்டிஹைடுகளை ஆல்கஹாலாக மாற்றிச் சாந்தப்படுத்திவிட்டு, அப்புறம்தான் பெரிய சூட்டுக்கு அனுப்பினோம். இரண்டு கட்டம் இல்லாமல் ஓடாது என்பதில் இன்று யாருக்கும் சந்தேகமில்லை. அப்படிச் செய்தும் வினையூக்கி எத்தனை மாதம் தாங்கும் என்பதில்தான் வாதம் இருக்கிறது. மரம் மாறினால், சாம்பல் மாறினால், எண்ணெய் பழசானால் பதிலும் மாறுகிறது.

இப்போது உங்கள் மில் கணக்கையே போடுவோம். அரை டன் பச்சைத் தூளில் 45 சதவீதம் ஈரம் என்று வைத்தால் காய்ந்த தூள் 275 கிலோ. வேக முறையில் நன்றாக எடுத்தால் 180 கிலோ எண்ணெய். ஒவ்வொரு 100 கிலோ எண்ணெயிலும் 25 கிலோ தண்ணீர் போக மீதி 75 கிலோவில் கார்பன் சுமார் 41 கிலோ. ஒரு துளி கார்பன்கூட வீணாகாமல் எல்லாம் டீசலானாலும் 48 கிலோவுக்கு மேல் வராது. கொஞ்சம் வாயுவாகவும் கரியாகவும் போகும் என்பதால் 35, 40 கிலோ வந்தால் நல்ல வேலை. அந்த 100 கிலோவுக்குச் செலவாகும் ஹைட்ரஜன் 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 5 கிலோதானே என்று தோன்றும். கடைகளில் ஆளுயரத்துக்கு நிற்கும் இரும்பு சிலிண்டரில் அடைக்கும் ஹைட்ரஜன் 7 கன மீட்டர், எடையில் 600 கிராம்தான். அப்படியானால் 100 கிலோ எண்ணெய்க்கு ஒன்பது சிலிண்டர். உங்கள் ஒரு நாள் எண்ணெய்க்குப் பதினாறு சிலிண்டர் இறக்கினால் கையில் 80 லிட்டர் எரிபொருள் வரும். இதையெல்லாம் 100 மடங்கு அழுத்தத்தில், நிறமும் வாசனையும் இல்லாமல் கசிந்து, பட்டென்று பற்றிக்கொள்ளும் வாயுவோடு செய்ய வேண்டும். மரத்தூள் பறக்கும் மில் கொட்டகைக்குள் இதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டாவது வழியில் ஹைட்ரஜன் வேண்டாம், அழுத்தமும் வேண்டாம். ஆவி திரவமாகும் முன்பே, 400 முதல் 600 டிகிரி சூட்டில், ஜியோலைட் என்னும் கல் வழியாக விடுவது. இந்த வேலைக்குப் பேர்போனது இசட்.எஸ்.எம்-5, 1972-ல் மொபில் நிறுவனம் காப்புரிமை பெற்றது. அதன் உடம்பு முழுக்கத் துவாரம். ஒரு மில்லிமீட்டரைப் பதினெட்டு லட்சம் துண்டாக்கினால் ஒரு துண்டு எவ்வளவோ, அவ்வளவு அகலம். பென்சீன், டொலுவீன் போன்ற ஒற்றை வளைய மூலக்கூறுகள் மட்டும் நெருக்கிக்கொண்டு நுழைந்து வெளிவரலாம். உள்ளே அமிலப் புள்ளிகளில் ஆக்சிஜன் கழன்று தண்ணீராகவும் கார்பன் மோனாக்சைடாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் போகிறது. வருவது பெட்ரோல் ரகம், டீசல் ரகமில்லை.

பார்க்க அழகான வழி, ஆனால் இதற்கும் ஒரு விலை இருக்கிறது. ஹைட்ரஜன் கொடுக்காவிட்டால் ஆக்சிஜன் தனியாகப் போகாது, கார்பனைக் கையோடு இழுத்துக்கொண்டு போகும். மர எண்ணெயில் ஆக்சிஜனைத் தண்ணீராக்கத் தேவையான ஹைட்ரஜனைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு கார்பனுக்கும் மிஞ்சுவது அரை ஹைட்ரஜன்கூட இல்லை. டீசலுக்கு வேண்டியது கிட்டத்தட்ட இரண்டு. அதனால் மீதிக் கார்பன் எல்லாம் கரியாக ஜியோலைட்டின் துவாரங்களிலேயே படிந்து அடைத்துவிடும். மரத்திலிருந்த கார்பனில் கால்வாசியாவது திரவ எரிபொருளாக வந்துவிட்டால் பெரிய விஷயம். அடைத்த கரியைக் காற்று விட்டு எரித்துத் துவாரத்தைத் திறக்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் நீராவி பட்டு அமிலப் புள்ளிகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். மரச் சாம்பலில் இருக்கும் பொட்டாசியமும் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அதை எரித்துப் போக்க முடியாது. பட்டையோடு அறுத்த தூளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் கொலம்பஸ் ஊரில் கியோர் என்ற நிறுவனம் வினையூக்கிப் பைரோலிசிஸ் (வினையூக்கியோடு காற்றில்லாமல் சுட்டுப் பிரிக்கும் முறை) ஆலையைப் பெரிதாகக் கட்டி, சொன்ன அளவு எண்ணெய் எடுக்க முடியாமல் 2014 நவம்பரில் திவாலானது. பணக் குறைவால் விழுந்ததாக மட்டும் நான் நினைக்கவில்லை, கார்பன் கணக்கும் காலை வாரியது.

அப்படியானால் எங்கேயும் நடக்கவில்லையா என்றால், நடந்திருக்கிறது. எனக்கு நம்பிக்கை தருகிற இடம் சுவீடனில் யேவ்லே ஊர் பக்கம். 2021-ல் ஒரு பெரிய மர மில்லின் வளாகத்திலேயே மரத்தூளை எண்ணெயாக்கும் ஆலை ஓடத் தொடங்கியது, ஆண்டுக்கு சுமார் 25,000 டன் எண்ணெய் எடுக்கும் திறன். அந்த எண்ணெயை அவர்கள் அங்கேயே டீசலாக்க முயலவில்லை. லீசெஷில் ஊர் சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பி, கச்சா எண்ணெயோடு சிறு பங்காகக் கலந்து, ஏற்கெனவே இருக்கும் வினையூக்கி உலைக்குள் விட்டார்கள். பெட்ரோலியத்தில் இருக்கும் ஹைட்ரஜன் மர எண்ணெயின் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டிவிடுகிறது. எண்ணெய் எடுப்பது மில்லில், வினையூக்கி வேலை சுத்திகரிப்பு ஆலையில். இந்த வேலைப் பிரிவுதான் சரி என்று நான் நினைக்கிறேன். நம் நாட்டிலும் வந்தால் இப்படித்தான் வர வேண்டும்.

வியாபாரியின் வெள்ளைத் தூளுக்கு வருகிறேன். அது என்ன என்று தெரியாமல் பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் 80 டிகிரி சூட்டில், திறந்த பாத்திரத்தில், ஹைட்ரஜன் இல்லாமல், எந்தத் தூளும் ஃபீனால் வளையத்திலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்காது. இதை உறுதியாகச் சொல்லலாம். சுண்ணாம்போ சோடாவோ என்றால் புளிப்பு அடங்கும், நெடி குறையும், கொஞ்சம் கசடு இறங்கும். களிமண் ரகம் என்றால் நிறம் வெளிறும். பார்க்கிறவர்களுக்குச் சுத்தமானது போலத் தெரியும், ஆக்சிஜன் அப்படியே இருக்கும். நீங்களே சோதிக்க வழி இருக்கிறது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து அவர் தரும் எரிபொருளைச் சில சொட்டு விடுங்கள். டீசல் மிதக்கும். மர எண்ணெய் தண்ணீரைவிடக் கனம், லிட்டர் 1.2 கிலோ அளவில், கீழே இறங்கும் அல்லது பால் போலக் கலங்கும். அடுத்ததாகப் பெட்ரோல் பங்கில் வாங்கிய டீசலோடு சரிபாதி ஊற்றிக் குலுக்கி ஒரு இரவு வையுங்கள். டீசலாகியிருந்தால் ஒன்றாகக் கலந்து நிற்கும், ஆகவில்லை என்றால் காலையில் இரண்டு அடுக்கு. இதை உங்கள் பேரல் எண்ணெயில், உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். அவர் புட்டியில் கொண்டுவரும் மாதிரி மட்டும் தேறினால், அதில் டீசலே கலந்திருக்கலாம்.

டிராக்டரில் கொஞ்சமாகக் கலந்து ஓட்டிப் பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம். அமிலம் பம்பை அரிக்கும், பொடிக் கரி நாசிலைத் தேய்க்கும், சூட்டில் எண்ணெய் நாசில் முனையிலேயே இறுகும். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டில் நம் பக்கத்துப் பேருந்துகள் பின்னால் உருளை கட்டிக்கொண்டு கரி வாயுவில் ஓடியதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். விறகு மலிவாகக் கிடைத்தபோதும் ஏன் கரியைப் போட்டார்கள்? விறகைப் போட்டால் வாயுவோடு தார் வந்து வால்வை ஒட்டிவிடும். தார் கரிமூட்டத்திலேயே போய்விட்டதால் கரி வாயு எஞ்சினுக்குச் சுத்தமாக வந்தது. நீங்கள் எஞ்சினுக்குள் ஊற்ற நினைப்பது, அவர்கள் எஞ்சினுக்குள் வராமல் பார்த்துக்கொண்ட அதே தாரை.

அப்போ மரத்தூளை என்ன செய்ய? உங்கள் 275 கிலோ காய்ந்த தூளில் இருக்கும் வெப்பம் ஏறக்குறைய 135 லிட்டர் டீசலின் வெப்பம். டீசலாக்கினால் கிடைப்பது 80 லிட்டர், அதுவும் பதினாறு சிலிண்டர் செலவழித்து. வெப்பம்தான் தேவை என்றால் தூளாகவே எரிப்பதை எந்த வினையூக்கியும் இன்றைக்கு ஜெயிக்காது. நம் பக்கத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, தளத்தில் பரப்பி ஈரத்தை 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்து கட்டியாக அழுத்தினால் அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலைக் கொதிகலனோ செங்கல் சூளையோ வாங்கிக்கொள்ளும். உங்கள் மில்லிலேயே பலகை காயவைக்கும் அறைக்கு அந்தச் சூட்டைத் திருப்பலாம், காய்ந்த பலகைக்கு விலை கூட. விலை விவரம் எல்லாம் ஊருக்கு ஊர் மாறும், அதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

கரி உலைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். புகையைக் குளிரவைத்துப் பேரலில் பிடிப்பதைவிட, குழாய் போட்டு அதே உலையின் அடியில் திருப்பி எரிய விட்டால் விறகுச் செலவு குறையும், ஊருக்குப் புகையும் குறையும். இது பழகிய முறை, புதுசு ஒன்றுமில்லை. குளிர்ந்த பின் தார் அடைக்காமல் இருக்கக் குழாய் குட்டையாகவும் சூடாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைச் சொல்லும்போது, இந்த எண்ணெயை மொத்தமாகத் தள்ளிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் வயதில் பாதி இதில் போயிருக்கிறது, இன்னும் ஆசை விடவில்லை. கயத்தாறு முதல் பணகுடி, முப்பந்தல் வரை காற்றாலைகள் நிற்கின்றன. ஆடிக் காற்றில் அவை முழுமூச்சாகச் சுற்றும். ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். காற்று மின்சாரம் மிஞ்சுகிற மாதங்களில் ஹைட்ரஜன் எடுத்து, தென் மாவட்டத்து மில்களின் தூளையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, முதல் கட்டச் சாந்தப்படுத்தலை மட்டும் இங்கே செய்துவிட்டால், இறுகாத எண்ணெயாகச் சுத்திகரிப்பு ஆலைக்கு லாரியில் அனுப்பலாம். வேதியியலில் இதற்குத் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒரு மில்லால் ஆகிற காரியமல்ல, முப்பது நாற்பது மில் சேர வேண்டும், காற்று ஓய்ந்த மாதங்களில் என்ன செய்வது என்பதற்கும் பதில் வேண்டும். லாபம் நிற்குமா என்பதை ஹைட்ரஜன் விலைதான் முடிவு செய்யும்.

இப்போதைக்கு அந்தப் பேரலைக் கவனியுங்கள். மெதுவாகச் சுட்ட தாரில் தோலைப் பொசுக்கும் ஃபீனாலும், நாள்பட்டால் புற்றுநோய் தரக்கூடிய பல வளையச் சேர்மங்களும் உண்டு. வெறுங்கையால் தொடவேண்டாம். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். இரும்புப் பேரல் சில மாதத்தில் ஓட்டை விழும், தடித்த பிளாஸ்டிக் பேரலுக்கு மாற்றி, நிழலில், நெருப்புக்குத் தள்ளி வையுங்கள். வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றிவிடாதீர்கள், மீன் செத்து மிதக்கும், கிணற்றுத் தண்ணீரில் ஏறினால் அந்த நெடி லேசில் போகாது. மெத்தனால் 10 சதவீதம் கலந்தால் இறுகுவது பெரிதும் குறையும் என்று எங்காவது படிப்பீர்கள். அது உண்மைதான், ஆனால் மெத்தனால் கொடிய விஷம், வாங்கவும் வைக்கவும் உரிமம் வேண்டும், ஒரு பேரலுக்காக அதில் இறங்காதீர்கள். செங்கல் சூளைக்காரர் யாராவது நல்ல சூடு பிடித்த சூளையில் விறகோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து எரிக்கச் சம்மதித்தால் அடித்தாரை அங்கே கொடுத்துவிடலாம்.

டம்ளர் சோதனையைச் செய்துவிட்டு என்ன ஆனது என்று எழுதுங்கள். மேல் தண்ணீர் எத்தனை அங்குலம், அடித்தார் எத்தனை அங்குலம் என்று ஒரு குச்சியை விட்டு அளந்து அதையும் சொன்னால், அந்த உலை எந்தச் சூட்டில் ஓடுகிறது என்று ஓரளவு கணித்துச் சொல்ல முயல்கிறேன்.